சோதனை போட்ட பிள்ளை

போன வாரம் நம் ஏழாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய புகைப்படம் வந்தது. எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வேப்பமரத்தடியில் மூன்று வரிசை. தலையில் எண்ணெய் வழிய, ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறோம். அதன் கீழே உங்களில் ஒருத்தி எழுதியிருந்தாள்: "இதில் ஒரு ஆள் குறைகிறது. சர்க்கரைப் பிள்ளை. திருட்டுத்தனமாகக் கடலை மிட்டாய் தின்றே செத்துப்போனாளே, பாவம்." உடனே பதினோரு பேர் கைகூப்புகிற படம் போட்டீர்கள். பன்னிரண்டாவது நான். விரல் தானாகப் போய் அழுத்திவிட்டது. இரண்டு நாள் கழித்து அதை எடுத்தேன். அதை யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

அவள் அன்றைக்கு மிட்டாய் தின்னவில்லை. அது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். படித்துவிட்டு என்னைக் குழுவை விட்டு நீக்கினாலும் சரிதான். நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. நம்மில் பாதிப்பேர் சர்க்கரை மாத்திரை விழுங்குகிறோம். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டபின் எவ்வளவு என்று கல்யாண வீட்டுப் பந்தியில்கூடக் கேட்டுக்கொள்கிறோம். இப்போது சொன்னால் உங்களுக்குப் புரியும்.

நம் பள்ளிக்கும் மிட்டாய்க் கம்பெனிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். மூன்றாவது பீரியடில் கடலை வறுபடுகிற வாசனை வரும். நான்காவது பீரியடில் வெல்லப்பாகு. ஜன்னலைச் சாத்தினாலும் ஓட்டு இடுக்கு வழியாக இறங்கும். அந்த நேரத்தில் டீச்சர் கணக்குப் போடச் சொன்னால் நம் வாயெல்லாம் எச்சில் ஊறிக்கொண்டிருக்கும். ஊர் முழுக்க மிட்டாய் செய்தார்கள், ஆனால் எங்கள் வீட்டில் அதைக் கண்ணால் பார்ப்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். பள்ளி விட்டுப் போனால் எனக்கு வேலை தீப்பெட்டி ஒட்டுவது. மெல்லிய மரச்சில்லை மடக்கி, நீலத்தாளைச் சுற்றி, மைதாப் பசை தடவி, அடிப்பெட்டியும் மேல்பெட்டியுமாக ஒட்டிக் குவிக்க வேண்டும். பசை புளித்த வாடை விரலிலேயே இருக்கும். அந்தக் கையால் சோறு தின்றால் சோறும் அப்படியே இருக்கும். நான் பசித்துக் கிடந்தவள் இல்லை, ஆனால் இனிப்புக்கு ஏங்கியவள். இதை நியாயம் என்று சொல்லவில்லை.

அவள் ஆனி மாதம் வந்து சேர்ந்தாள். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற வேலை, மணியாச்சியிலிருந்து மாற்றலாகி வந்தவர். அம்மா தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சி அடுக்கப் போனாள். பிள்ளை ஒல்லியாக, கழுத்தெலும்பு தெரிய இருப்பாள். வாய் மட்டும் கொஞ்சமும் அடங்காது. வந்த மூன்றாம் நாளே, கரும்பலகையில் டீச்சர் போட்ட வகுத்தல் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தாள். எனக்கு அவளைப் பிடிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அதுவரைக்கும் வகுப்பில் முதல் ஆள் நான்தான்.

ஆனாலும் முதலில் சிநேகமாகத்தான் இருந்தோம். ஒரு சனிக்கிழமை அவளுடைய ரயில்வே வீட்டுக்குக் கூட்டிப் போனாள். மூலையில் ஈரத்துணி சுற்றிய சின்ன மண்பானை இருந்தது. அதற்குள் ஊசி மருந்துக் குப்பி. எவர்சில்வர் டப்பாவில் கண்ணாடி ஊசி. காலையில் அம்மா அதை வெந்நீரில் கொதிக்கவைத்துத் தொடையில் போடுவாளாம், போட்டு அரைமணியில் சாப்பிட வேண்டுமாம். அப்புறம் ஒரு வித்தை காட்டினாள். கண்ணாடிக் குழாயில் நீல மருந்து ஊற்றி, அதில் தன் மூத்திரத்தில் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினாள். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது. நான் அதற்கு முன்பு அவ்வளவு அழகான ஒன்றைப் பார்த்ததில்லை.

"நீலமாவே இருந்தா நல்ல பிள்ள, செங்கக் கலருக்கு வந்தா கெட்ட பிள்ள. இன்னைக்கு நா கெட்ட பிள்ள" என்று சொல்லிச் சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்குள் நான் அதை வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். அவளுக்கு 'மூத்திரங்காய்ச்சி' என்று பேர் வைத்தது நான். அதைக் கூவியது நீங்கள். தண்ணீர்ப் பானையில் அவள் குடித்த தம்ளரை யாரும் தொடவில்லை, ஞாபகம் இருக்கிறதா? யார் தப்பித்தவறித் தொட்டாலும் அடுத்தவள் மேல் தேய்த்துவிட்டு ஓடுவோம். தொட்டால் சர்க்கரை ஒட்டிக்கொள்ளும் என்று ஒருத்தி சொன்னாள். அப்படி ஒட்டினால் மிட்டாய் வாங்க வேண்டாமே என்று இன்னொருத்தி சொன்னாள். வகுப்பே சிரித்தது. அவள் கண்ணில் தண்ணீர் வந்ததாம், நான் பார்க்கவில்லை. அதனால் இன்னும் கொஞ்சம் சிரித்தேன்.

நம் டீச்சரைப் பற்றி ஒரு வார்த்தை. கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய தாயாருக்குச் சர்க்கரையால் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்திருந்தார்கள். தினமும் புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவார். கையில் எப்போதும் டெட்டால் வாடை இருக்கும். சர்க்கரை என்ன செய்யும் என்று நம் பள்ளியிலேயே தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். அவருக்குத் தெரிந்தது பாதி. அந்தப் பாதியை அவர் முழு மனசோடு நம்பினார்.

ஒருநாள் மத்தியானம் அவள் பாவாடை மடிப்பிலிருந்து எண்ணெய்த்தாளில் சுற்றிய ஒரு துண்டுக் கடலை மிட்டாய் கீழே விழுந்தது. டீச்சர் முகம் வெளுத்துப் போனது. மறுநாள் அவள் அம்மாவை வரச் சொன்னார். வகுப்பு வாசலில் வைத்துப் பேசியதால் எல்லாருக்கும் கேட்டது. படபடப்பு வந்தால், வேர்த்தால், கைநடுங்கினால் உடனே இனிப்புத் தின்ன வேண்டும், இல்லாவிட்டால் மயக்கம் போட்டுவிடும் என்று ரயில்வே டாக்டர் சொன்னதாக அந்த அம்மா தட்டுத் தடுமாறிச் சொன்னாள். சர்க்கரை வியாதிக்கு மருந்து சர்க்கரையா என்று டீச்சர் கேட்டார். நாம் உள்ளே வாயைப் பொத்திச் சிரித்தோம். எனக்கும் அது பெரிய புளுகாகத்தான் பட்டது.

"பிள்ளைக்குச் செல்லம் குடுத்து அது கால எடுக்க வச்சிராதம்மா" என்றார் டீச்சர். "டாக்டர் கைப்பட எழுதிக் குடுக்கட்டும், நா விடுதேன். வாய்ச்சொல்லுக்கு விட மாட்டேன்."

அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டுப் போனாள். அன்றைக்கே டீச்சர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். தினமும் காலை பிரேயருக்கு முன்னால் அவளைச் சோதனை போட வேண்டும். பை, தூக்குச்சட்டி, பாவாடை மடிப்பு எல்லாம் பார்த்து, மிட்டாய் இருந்தால் எடுத்து மேஜை டிராயரில் போட வேண்டும். "நீ பொறுப்பான பிள்ள, ஒன்ன நம்பித்தான் விடுதேன்" என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் நான்கு நாள் டிராயரில்தான் போட்டேன். சாயங்காலம் ஆயாம்மா பெருக்கும்போது அது எறும்பு மொய்த்துக் கிடக்கும், குப்பையில் போடுவாள். வீணாகப் போவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. ஐந்தாம் நாள் நானே தின்றேன். கைகால் கழுவுகிற இடத்தில் சுவரைப் பார்த்து நின்று, பல்லில் சத்தம் வராமல், கரையவிட்டுத் தின்றேன். அதற்கப்புறம் தினமும் தின்றேன். அவள் கையை விரித்து நிற்பாள், நான் மடிப்பைத் தடவி எடுப்பேன். "இது ஏம் மருந்துட்டி" என்று முதலில் சொல்லிப் பார்த்தாள். பிறகு சொல்வதையே விட்டுவிட்டாள். எங்கே ஒளித்து வைத்தாலும் கண்டுபிடித்தேன். சடைப் பின்னலுக்குள் வைத்தாள், ரிப்பன் முடிச்சில் வைத்தாள், ஒருநாள் வாய்ப்பாட்டுப் புத்தக அட்டைக்குள் வைத்தாள். அந்தத் திறமையைப் படிப்பில் காட்டியிருந்தால் நான் கலெக்டர் ஆகியிருப்பேன்.

ஆடி பிறந்தபின் அவள் ஒளிப்பதையும் விட்டாள். மடிப்பில் பேசாமல் வைத்திருப்பாள். ஆனால் ஒன்றுக்குப் பதில் இரண்டு துண்டு இருக்கும். என்ன தந்திரம் என்று நினைத்துக்கொண்டு இரண்டையும் எடுத்தேன். இரண்டாவது துண்டை எடுக்கும்போது அவள் என் முகத்தையே பார்ப்பாள். என்ன பார்வை என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

இனிப்பு இல்லாமல் அவள் எப்படிச் சமாளித்தாள் என்று கேட்பீர்கள். நன்றாகச் சமாளிக்கவில்லை. நான்காவது பீரியடில், பாகு வாசனை வருகிற நேரத்தில், சில நாள் அவளுக்கு உதடு நடுங்கும். எழுத்து கோணிக்கொண்டு போகும். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வாள். ஒருநாள் காரணமே இல்லாமல் டீச்சரைப் பார்த்துச் சிரித்து, "நீ போ" என்று ஒருமையில் சொன்னாள். திமிர் என்று முட்டிபோட வைத்தார். மத்தியானச் சோற்று மணி அடித்து, இரண்டு கவளம் உள்ளே போனதும் பழையபடி ஆகிவிடுவாள். தான் அப்படிப் பேசியதே அவளுக்கு ஞாபகம் இருக்காது. நடிக்கிறாள் என்று நாம் எல்லாரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

ஆடி நடுவில் ஒரு புதன்கிழமை. பள்ளிக் கேட்டில் அவள் அம்மா நின்றாள். தீப்பெட்டி ஆபீசுக்கு நேரமாகிவிட்டது, கந்தக வாடையோடு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். மதுரைக்கு ரயிலேறிப் போய், பெரிய ரயில்வே டாக்டரைப் பார்த்து, கைப்பட எழுதி வாங்கி வந்திருந்தாள். நாலாக மடித்த வெள்ளைத்தாள். உள்ளே வந்து டீச்சர் முகத்தில் முழிக்க அவளுக்குக் கூச்சம்.

"நீதான லீடர் பிள்ள? தாயி, இத மறக்காம டீச்சர் கையில குடுத்துரு. ஏம் பிள்ள உசுரு இதுலதான் இருக்கு" என்றாள்.

பிரித்துப் பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்து, கீழே ரப்பர் முத்திரை. 'சுகர்' என்ற வார்த்தை ஒன்றுதான் எனக்குப் படிக்கத் தெரிந்தது. இதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தெரிவதற்கு மற்ற வார்த்தைகள் வேண்டியதில்லை. சோதனை நின்றுவிடும். தினமும் இரண்டு துண்டு நின்றுவிடும். 'பொறுப்பான பிள்ள' என்ற பேரும் போய்விடும். கிழித்துப் போடப் பயமாக இருந்தது, முத்திரை போட்ட தாள் அல்லவா. சாயங்காலம் வரை சட்டைக்குள் வைத்திருந்தேன். வீட்டில் பெட்டி ஒட்ட உட்கார்ந்தபோது, மடிப்பைப் பிரித்து, பசை தடவி, துண்டு துண்டாக வெட்டி, நீலத்தாளுக்கு அடியில் வைத்து ஒட்டிவிட்டேன். ஐந்தாறு பெட்டி கொஞ்சம் தடிமனாக வந்தது. மறுநாள் மற்ற பெட்டிகளோடு மூட்டையில் போய்விட்டது. எந்த ஊரில் யார் அதை உரசி அடுப்புப் பற்றவைத்தார்களோ. மறுநாளும் சோதனை போட்டேன், சீட்டைப் படித்தும் டீச்சர் விடவில்லை என்றுதான் அவள் நினைத்திருப்பாள்.

இதைத்தான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

சுதந்திர தின அணிவகுப்புக்குப் பத்து நாள் இருந்தபோது நம்மை மைதானத்தில் விட்டு வறுத்தெடுத்தார்கள். ஆடிக் காற்று கரிசல் புழுதியை வாரி மூஞ்சியில் அடித்தது. வெடித்த தரையில் கால் இடறும். அன்றைக்குச் சோற்று மணி அடித்தபின்பும் டீச்சர் விடவில்லை, இன்னும் இரண்டு சுற்று என்றார். அவள் வரிசையை விட்டு விலகி விலகி நடந்தாள். சட்டை முதுகோடு ஒட்டும்படி வேர்வை. சுற்று முடிந்து ஒரு நிமிஷம் நின்றபோது என் பக்கத்தில் வந்து கையைப் பிடித்தாள். கை ஜில்லென்று இருந்தது.

"ஏட்டி, ஒண்ணு இருக்கும்லா. குடுட்டி."

இருந்தது. காலையில் எடுத்த இரண்டில் ஒன்றைத் தின்றுவிட்டேன், இன்னொன்று என் பாவாடைப் பையில் இருந்தது. அதைக் கொடுத்தால் டிராயரில் போடாதது டீச்சருக்குத் தெரிந்துவிடும். எனக்கு அது மட்டும்தான் தோன்றியது. "டீச்சர்ட்ட சொல்லிருவேன்" என்றேன். அவள் கையை விட்டாள். என்னைத் திட்டவில்லை. வேறு யாரையோ பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பித் தள்ளாடிப் போனாள். நான் வேப்பமரத்துக்குப் பின்னால் போய், பிடிபடுவதற்குள் மிட்டாயை வாயில் போட்டு மென்று, எண்ணெய்த்தாளைக் கீழே விட்டேன்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண் திறந்திருந்தது. ஆயாம்மா ஓடிவந்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "பிள்ளைக்கு வேத்து ஊத்துது டீச்சர். பக்கத்துல போயி கொஞ்சம் பாகு வாங்கியாரேன், நாக்குல தடவுவோம்."

"சர்க்கரப் பிள்ளைக்கு வெல்லப்பாகா? கொல்லப் பாக்கியா?" என்றார் டீச்சர்.

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வெல்ல வாசனை வந்துவிடும்.

சுவருக்கு அந்தப் பக்கம் அண்டா அண்டாவாகப் பாகு கொதித்தது. காற்று அதைத்தான் நம் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் கைகால் வெட்டி இழுத்தது. வலிப்பு என்று ஆளாளுக்குச் சொல்லி, வகுப்புப் பூட்டின் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார்கள். அதில் போனது அரைமணி நேரம். பிறகு மிட்டாய்க் கம்பெனி வண்டியிலேயே தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள், முழிக்காமலே செத்துப்போனாள்.

அவள் விழுந்த அன்றைக்கே டீச்சர் மரத்தடியில் எண்ணெய்த்தாளைக் கண்டெடுத்தார். வரிசையில் நிற்கவைத்து, அதைத் தூக்கிக் காட்டினார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "பாத்தியளா, எனக்குத் தெரியாம தின்னுருக்கா. தின்னதாலதான் இப்படி ஆயிப்போச்சு" என்றார். நாம் எல்லாரும் தாளைப் பார்த்தோம். அந்த ஒரு தாளைத்தான் நீங்கள் ஐம்பது வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் கழுகுமலையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். மாத்திரை போட்டிருந்தேன், விசேஷ வீட்டில் பந்திக்கு நேரமானதால் சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டேன். திடீரென்று உள்ளங்கை வேர்த்தது, கண்டக்டர் கேட்டது காதில் விழுந்தும் பதில் சொல்ல வாய் வரவில்லை. பயம் என்றால் அப்படி ஒரு பயம், தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்தது மாதிரி. முன் சீட்டில் இருந்த காலேஜ் பெண் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் தன் பையிலிருந்து ஒரு சாக்லேட்டை உரித்து என் வாயில் வைத்தாள். பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டது. ஊர்வந்து இறங்கி, ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதேன். பத்து நிமிஷம்தான். ஒரு துண்டுதான்.

இன்னும் ஒன்று பாக்கி.

காரியம் முடிந்து சில நாளில் அந்த அம்மா பள்ளிக்கு வந்தாள். அதே கேட்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள். முகம் வற்றிப்போயிருந்தது.

"தாயி, அந்தச் சீட்ட டீச்சர் கையில குடுத்தியா?"

"குடுத்தேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "அப்ப படிச்சுப் பாத்துட்டுத்தான் ஏம் பிள்ளய வெயில்ல நிறுத்திருக்கா" என்றாள். பிறகு மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்து, என் விரல்களை மூடினாள்.

"ஒனக்குத்தான். அவ இருந்தா குடுக்கச் சொல்லுவா. ஆடி பொறந்ததுலருந்து ரெண்டு வச்சுக் குடும்மான்னு நின்னா. எதுக்குட்டி ரெண்டுன்னேன். சோதன போடுத பிள்ளைக்குத் திங்க ஆசையா இருக்கும்மா, ஒண்ண அவ எடுத்துக்கிட்டா ஒண்ண எனக்கு விட்ருவான்னா."

அப்படியே உள்ளே போனாள். மைதானத்தில் குனிந்து இரண்டு கையாலும் கரிசல் மண்ணை அள்ளினாள். டீச்சரின் பேரைச் சொல்லிச் சொல்லித் தூற்றினாள். நீ விளங்குவியா, ஒன் வம்சம் விளங்குமா என்று அவள் போட்ட கத்தல் வகுப்புகளிலெல்லாம் கேட்டது. எந்தச் சீட்டும் என் கைக்கு வரவில்லையே என்று டீச்சர் அழுதுகொண்டே சொன்னதும் கேட்டது. அதை யாரும் நம்பவில்லை. அந்த வருஷமே அவரைக் கயத்தாறு பக்கம் மாற்றிவிட்டார்கள். சாகிற வரைக்கும் பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொன்னாராம்.

நான் அப்போது கைகால் கழுவுகிற இடத்தில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன். பொட்டலத்தைப் பிரித்தேன். எண்ணெய்த்தாளில் இரண்டு துண்டு இருந்தது. இரண்டையும் தின்றேன்.